திரைச்சீலைகளின் இறப்பு விகிதம்

மற்றவர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் ஆளைப் பார்ப்பார்கள், பிறகு உட்கார இடம் பார்ப்பார்கள். கொஞ்சம் பசியாக இருந்தால் சமையலறைப் பக்கம் பார்ப்பார்கள். கர்ட்டன் அக்கா ஜன்னலைப் பார்ப்பாள். திரையின் கீழ் ஓரத்தை இரண்டு விரலால் நிமிண்டி, அந்த விரல்களை மூக்கருகே கொண்டுபோய், அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவாள்.

“வாரா வாரம் தலையணை உறை துவைக்கிறாங்க, மாசா மாசம் மிதியடி துவைக்கிறாங்க. இதை மட்டும் குடிவந்த அன்னைக்கு மாட்டினதோட சரி” என்று வீடு திரும்பும் வழியெல்லாம் அங்கலாய்ப்பாள்.

“நாம போனது துக்கம் விசாரிக்க” என்று அவள் கணவர் ஞாபகப்படுத்துவார்.

அவளுக்கு அப்படி ஒரு கண் சும்மா வரவில்லை. பெரிய ஓட்டல் ஒன்றின் அடித்தளத்தில், சலவைக்கூடத்தில், பதினாறு வருஷம் உழைத்து வந்த கண் அது. அங்கே விரிப்புக்கு ஒரு ஆள், துண்டுக்கு ஒரு ஆள், திரைக்கு அவள். மேலே இருநூற்றுப் பத்து அறைகள், அத்தனைக்கும் ஜன்னல்கள், அத்தனைக்கும் திரைகள். அவளிருந்த கூடத்துக்கு மட்டும் ஜன்னலே கிடையாது. இதை ஒரு நாளும் அவள் குறையாகச் சொன்னதில்லை. “ஜன்னல் இருந்தா அதுக்கும் திரை போடுவாங்க, அதையும் நான்தான் துவைக்கணும்” என்பாள்.

அந்தக் கூடத்தில் அவளுக்கு ஒரே துணை, பெரியவர். பெரியவர் என்றால் மனிதர் இல்லை. ஆளுயரச் சலவை இயந்திரம். வட்டக் கண்ணாடிக் கதவு, நாலு இரும்புக் கால், எந்தக் காலத்தில் வாங்கியது என்று ஓட்டல் முதலாளிக்கே தெரியாது. துணியைத் திணித்துக் கதவைச் சாத்தி, இடது பக்கக் கீழ் மூலையில் முழங்காலால் ஒரு தட்டு தட்டினால்தான் சுற்றுவார். வேறு யார் தட்டினாலும் சுற்ற மாட்டார். இயந்திரத்துக்குப் போய் இத்தனை மரியாதையா என்று கேட்பவர்களுக்கு அவள் ஒரே பதில் வைத்திருந்தாள்: “நீங்க தட்டிப் பாருங்க.”

ஒரு மாசத்தின் இரண்டாம் தேதி, இனிமேல் சலவையை வெளியே கொடுத்துவிடுவதாக ஓட்டல் முடிவெடுத்தது. சலவைக்கூடம் இருந்த இடத்தில் உடற்பயிற்சிக்கூடம் வருமாம். நாள் முழுக்கத் தூக்கி, பிழிந்து, உதறிக்கொண்டிருந்தவர்களை அனுப்பிவிட்டு, காசு கொடுத்துத் தூக்குகிறவர்களைக் கொண்டுவருகிறார்கள். மாசக் கடைசியோடு கிளம்பச் சொல்லி ஆளுக்கு மூன்று மாசச் சம்பளம் கொடுத்தார்கள். பெரியவரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்று தீர்மானமாயிற்று.

பழைய இரும்புக்காரர் மறுநாளே வந்தார். பெரியவரை இரண்டு தடவை சுற்றி வந்தார், வயிற்றில் தட்டிப் பார்த்தார், பாக்கெட்டிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்து நெற்றியில் கொட்டை எழுத்தில் 720 என்று எழுதினார்.

“என்னண்ணே அது?”

“எடை, தங்கச்சி. எழுநூத்தி இருபது கிலோ தேறும்.”

அக்காவுக்கு யாரோ தன் நெற்றியிலேயே எழுதியது போல இருந்தது. நேரே ஓட்டல் கணக்கரிடம் போனாள். இரும்பு விலைக்கு மேல் ஒரு பங்கு சேர்த்துத் தருகிறேன், எனக்கே கொடுத்துவிடுங்கள் என்றாள். கணக்கர் நல்லவர், ஆனால் கணக்கர். “முப்பத்தொண்ணாம் தேதி மூணு மணிக்கு லாரி வரும். அதுக்குள்ள பணம் வந்தா உங்களுக்கு. வரலைன்னா லாரிக்கு” என்றார்.

பெரியவரை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஊரில் சட்டை துவைக்க ஆள் உண்டு, போர்வை துவைக்க ஆள் உண்டு. திரை துவைக்க மட்டும் நாதியில்லை. காலையில் ஏணியோடு போய்க் கழற்றுவது, துவைத்துக் காயவைத்துத் தேய்த்துச் சாயங்காலம் அதே கொக்கியில் மாட்டுவது. வீட்டுக்காரர்கள் ஒரு ராத்திரிகூடத் திரையில்லாமல் இருக்க வேண்டியதில்லை. வேலைக்கு ஆள் அவள் இருக்கிறாள், இடத்துக்குத் தெருக்கோடியில் ஒரு காலிக் கொட்டகையைப் பேசிவிட்டாள். இயந்திரத்துக்கும் மின் இணைப்புக்கும் கொட்டகை முன்பணத்துக்கும் மட்டும் பணம் இல்லை. அதாவது, எல்லாவற்றுக்கும் பணம் இல்லை.

“கடன் வாங்கலாம்னு இருக்கேன்” என்றாள் கணவரிடம்.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பதினெட்டு வருஷமாக ஒரே தடம், ஒரே வேகம், ஒரே நிறுத்தங்கள். பக்கத்து வீட்டில் திருப்புளி இரவல் வாங்கினால்கூடத் துடைத்து, எண்ணெய் போட்டு, இரண்டு வாழைப்பழத்தோடு திருப்பிக் கொடுக்கிற மனிதர்.

“கட்ட முடியாமப் போனா?”

“கட்டுவேன்.”

“அதான் கேக்கறேன், முடியாமப் போனா?”

“அப்ப உங்க வேனை விக்கலாம்.”

“அது பள்ளிக்கூடத்தோடது!”

“அப்ப பயமே இல்லை, வித்தாலும் நம்மளுது போகாது” என்று சொல்லிவிட்டு அவள் வங்கிக்குக் கிளம்பிவிட்டாள்.

முதல் வங்கியில் இருந்தவர் முகம் மலர வரவேற்றார். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கென்றே தனித் திட்டம் இருக்கிறது என்று வழவழப்பான தாள் ஒன்றைக் கொடுத்தார்.

“மூணு வருஷ வரவு செலவுக் கணக்கு மட்டும் கொண்டு வாங்கம்மா.”

“தொழிலே இனிமேதான் சார்.”

“நல்லதா போச்சு. புதுசா தொடங்கறவங்களுக்குத்தானே திட்டம்.”

“அப்ப மூணு வருஷக் கணக்கு எப்படி சார் வரும்?”

அவர் தாளைத் திருப்பி வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். இதுவரை யாரும் அவரை இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. “திட்டம் அப்படித்தாம்மா” என்றார் வருத்தத்தோடு.

இரண்டாவது வங்கியில் ஈடு கேட்டார்கள். வீடு? வாடகை. நிலம்? செருப்பில் ஒட்டியிருப்பதுதான். மூன்றாவது வங்கியில்தான் உருப்படியாக ஒரு பட்டியல் கிடைத்தது. கையில் இருக்கும் மூன்று மாசச் சம்பளத்தைச் சொந்தப் பங்காகக் காட்டலாம், கணவர் ஜாமீன் போடலாம், ஓட்டலில் வேலை செய்த அனுபவத்துக்கு ஒரு சான்று, இயந்திரத்துக்கு ஓட்டல் தாளில் ஒரு விலைப்புள்ளி. இவ்வளவும் இருந்தால் ஈடு இல்லாமலே சிறுதொழில் கடன் தர முடியும், ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு திட்ட அறிக்கை வேண்டும் என்றார்கள்.

“திட்ட அறிக்கையா அண்ணி? இதுக்குப் போயா கவலைப்படறீங்க?” என்றாள் நாத்தனார். அவள் ஆடிட்டர் ஆபீசில் டைப் அடிக்கிறவள். அவளிடம் ஊரில் உள்ள அத்தனை தொழில்களின் அறிக்கைகளும் இருந்தன. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அது ஒரு கோழிப்பண்ணையின் அறிக்கை.

நாத்தனாரை முட்டாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவளுக்கு ஒரு நியாயம் இருந்தது. சலவைக்கடைக்கு எழுதிய அறிக்கை இரண்டு இருந்தன, இரண்டுக்கும் கடன் கிடைக்கவில்லை. கோழிப்பண்ணைக்குக் கிடைத்தது. கிடைத்ததைப் பார்த்துத்தானே எழுத வேண்டும்? கம்ப்யூட்டரில் ஒரே ஒரு கட்டளை கொடுத்தாள். கோழி என்று இருந்த இடத்திலெல்லாம் திரைச்சீலை என்று மாறிக்கொண்டது. முப்பத்திரண்டு பக்கம், சுருள்கம்பி போட்ட கட்டு, அட்டையில் ஒரு ஜன்னல் படம். அக்கா அதை வாங்கிக் கையில் எடை பார்த்தாள். துணியை எடை பார்த்தே தரம் சொல்கிறவள். “நல்லா கனமா இருக்கு” என்று திருப்தியோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். அறிக்கையை அவள் படிக்கவில்லை, அடித்தவளும் படிக்கவில்லை. பொதுவாக வங்கியிலும் யாரும் படிப்பதில்லை. அக்காவின் நேரம், அந்தக் கிளை மேலாளர் படிக்கிறவர். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைக்கூட விடாமல் படிக்கிற ஜாதி.

இருபத்து நாலாம் தேதி கூப்பிட்டு அனுப்பினார். அக்கா எதிரே உட்கார்ந்தாள். கணவர் கதவோரத்து நாற்காலியில், நினைத்தால் ஓடிவிடலாம் என்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மேலாளர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அறிக்கையைப் பிரித்தார். “பக்கம் ஏழு. ‘திரைச்சீலைகளுக்கு நாள்தோறும் இருவேளை சுத்தமான தண்ணீர் தரப்படும்.’”

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. நாத்தனாரின் வேலை அந்தக் கணமே அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனால் கேட்டது தண்ணீரைப் பற்றி. தண்ணீரைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

“ஆமா சார். ரெண்டு தண்ணி அலசணும். ஒரு தண்ணியோட விட்டா சோப்பு மடிப்புல நின்னுடும்.”

“‘காற்றோட்டமான கொட்டகையில் ஒன்றையொன்று நெருக்காமல் வைக்கப்படும்.’”

“நெருக்கினா நாறிடும் சார்.”

“‘ஆறு வாரத்தில் நல்ல எடை கூடும்.’”

“ஆறு வாரமெல்லாம் எதுக்கு சார், தண்ணியில போட்டா ஆறு நிமிஷத்துல கூடிடும். பெரிய ஜன்னல் திரை நனைஞ்சா ரெண்டு ஆள் தூக்கணும்.”

“‘கழிவை உரமாக விற்பதால் உபரி வருமானம்.’”

கதவோரத்தில் கணவர் இருமினார். அக்கா கொஞ்சம் யோசித்தாள். “அதை மட்டும் அடிச்சிடுங்க சார்” என்றாள்.

மேலாளர் அடித்தார். பிறகு பக்கத்தைப் புரட்டி, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “பக்கம் பத்தொன்பது. ‘திரைச்சீலைகளின் இறப்பு விகிதம் ஐந்து சதவீதம்.’ திரைச்சீலை எப்படிம்மா சாகும்?”

வேறு யாராக இருந்தாலும் அப்போதே எழுந்து மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். அக்காவும் எழத்தான் நினைத்தாள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் அந்த ஊரில் அவள்தான். தெரிந்ததை எப்படிச் சொல்லாமல் இருப்பது?

“சாகும் சார்” என்றாள். “ஜன்னல் பக்கம் வெயில் பட்டுப் பட்டு நூல் வெந்துபோயிருக்கும். பாக்கறதுக்கு முழுசா தொங்கும். அழுக்குதான் அதை இழுத்துப் பிடிச்சிருக்கும். தண்ணி பட்டா அழுக்கு போகும், அதோட துணியும் போயிடும். எங்க ஓட்டல்ல இருபதுக்கு ஒண்ணு அப்படித்தான். அஞ்சு சதவீதம் சரியா இருக்கு சார்.”

“அப்ப இருபது பேர்ல ஒருத்தர் நஷ்ட ஈடு கேப்பாங்களே?”

“செத்ததை நான் தொட மாட்டேன் சார். கழட்டறதுக்கு முன்னாடியே சொல்லிடுவேன், இதைத் துவைக்காதீங்க, இருக்கற வரைக்கும் இருக்கட்டும்னு.”

“பாத்தாலே தெரியுமா?”

“பாத்தா தெரியாது. விரல்ல தெரியும்.” இதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்ததிலிருந்து அவள் கை துறுதுறுத்துக்கொண்டிருந்தது. எழுந்து மேஜையைச் சுற்றிப் போய், மேலாளரின் பின்னால் தொங்கிய திரையின் ஓரத்தை நிமிண்டினாள். “உங்களுது செத்து ரெண்டு வருஷம் இருக்கும் சார்.”

கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அது கருஞ்சிவப்பில் தடித்த திரை. மேலாளர் பதவிக்கு வந்த வருஷம் தானே கடைகடையாக ஏறி இறங்கி வாங்கிப் போட்டது. வருகிறவர்களிடமெல்லாம் விலை சொல்லியிருக்கிறார். “இது சாதாரணத் துணி இல்லம்மா” என்றார் குரல் இறுகி.

“நல்ல துணிதான் சார். நல்ல துணியும் சாகும்.”

“சரி. இதைத் துவைச்சுக் கொண்டாங்க. கிழியாம வந்தா நாளைக்கே கையெழுத்துப் போடறேன்.”

கதவோரத்திலிருந்து கணவர் தலையைப் பலமாக ஆட்டினார். சரி சொல்லு, சரி சொல்லு என்று அவர் கண்கள் கெஞ்சின. அக்காவுக்குப் பெரியவரின் நெற்றியில் எழுதிய எண் ஞாபகத்துக்கு வந்தது. ஏழு நாள்தான் இருந்தது.

“மாட்டேன் சார். துவைச்சா கிழிஞ்சிடும்” என்றாள்.

“அப்ப பாக்கலாம்” என்று மேலாளர் கோப்பை மூடினார். வங்கியில் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

வேனில் ஏறியதும் கணவர் வெடித்தார். “ஒரே ஒரு சரி! உன் வாயில வராதா அது? கடனே வேண்டாம்னு சொன்ன நானே தலையை ஆட்டறேன்!”

“பதினாறு வருஷத்துல ஒரு துணியைக்கூட நான் கிழிச்சதில்லைங்க. முதல் துணியைக் கிழிச்சிட்டா கடை தொடங்கணும்?” என்று கேட்டாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அன்று சாயங்காலம் அவர் தெருக்கோடிக் கொட்டகையில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயைப் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தார். எதற்குச் செய்தார் என்று அவள் கேட்கவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி காலையில் போன் வந்தது.

“அம்மா... போயிடுச்சு” என்றது மேலாளரின் குரல், உடைந்துபோய்.

“ஐயோ, யாரு சார்?”

“கர்ட்டன்.”

மனிதர் வீம்புக்கு, வங்கியின் விரிப்புகளை வழக்கமாகத் துவைக்கிற ஆளிடம் அதைக் கொடுத்திருக்கிறார். அவன் ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தானாம். பைக்குள் நூல்கண்டாக ஏதோ இருந்ததாம். “கொக்கியெல்லாம் நல்லா இருக்கு” என்றார் பரிதாபமாக. “நீங்க உடனே வாங்க.”

கணவனும் மனைவியும் போனபோது மேலாளர் வெயில் முகத்தில் அடிக்க, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்ப்பதற்கு வங்கிக்குக் காவல் போட்டவர் மாதிரி இருந்தது. மூலையில் கதவு சாத்த முடியாமல் கோப்புகள் பிதுங்கி நின்ற பீரோவைக் காட்டினார்.

“இந்த நாற்காலியில பதினோரு வருஷம்மா. கடன் கேட்டு வந்தவங்க அத்தனை பேரும் முடியும் சார், முடியும் சார்னுதான் சொன்னாங்க. அவங்க கட்டாத கடன் ஃபைலெல்லாம் அந்த பீரோல இருக்கு. முடியாதுன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்.”

கையெழுத்துப் போட்டார். ஜாமீன் இடத்தில் கணவரும் போட்டார். முதல் கையெழுத்து அவருடையதாகவே இல்லை. மூன்றாம் தடவைதான் ஒத்துப்போயிற்று. அறிக்கையைத் திருத்தி எழுதித் தரட்டுமா என்று அக்கா கேட்டாள். மேலாளர் தலையை அசைத்தார். திருத்தினால் புது மனு, புது மனு என்றால் மூன்று வாரம். “மேலிடத்துல யாரும் படிக்க மாட்டாங்கம்மா” என்று தைரியம் சொல்லி அன்றே அனுப்பிவிட்டார்.

அவர் சொன்னது உண்மைதான். மனிதர்கள் யாரும் படிக்கவில்லை. கம்ப்யூட்டர் படித்துவிட்டது. இறப்பு விகிதம் என்று ஒரு கட்டம் நிரம்பியிருப்பதைப் பார்த்து, மனுவைத் தூக்கிக் கால்நடைப் பிரிவில் போட்டுவிட்டது. முப்பத்தொன்றாம் தேதி காலையில் அனுமதிக் கடிதம் வந்தது. கீழே ஒரு வரி: கால்நடை மருத்துவர் நேரில் பார்த்துச் சான்றளித்த பிறகே பணம் விடுவிக்கப்படும்.

“என்கிட்ட கோழியே இல்லையே சார்!” என்று அக்கா போனில் கத்தினாள்.

“எனக்குத் தெரியும்மா. கம்ப்யூட்டருக்குத் தெரியலை. டாக்டருக்குச் சொல்லியிருக்கேன். இயந்திரம் இருக்கற இடத்துக்கு வருவார். வேற வழியில்லை.”

டாக்டர் வரும்போது மணி ஒன்றேமுக்கால். ஓட்டல் பின்வாசலில் லாரி ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. பழைய இரும்புக்காரர் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் விடியற்காலையிலிருந்து ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு நேரே வந்தவர். முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, “எங்கே இருக்கு?” என்றார்.

அக்கா அவரைச் சலவைக்கூடத்துக்குள் கூட்டிப்போனாள். அன்றுதான் கடைசிச் சலவை. நாற்பது திரைகள் கொடியில் ஈரம் சொட்டிக்கொண்டு தொங்கின. அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. நாத்தனாரிலிருந்து கம்ப்யூட்டர் வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். டாக்டர் துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். சான்றிதழ் படிவத்தை எடுத்து மேலிருந்து கீழே படித்தார்.

“நான் பொய் எழுத மாட்டேன்.”

“எழுதச் சொல்ல மாட்டேன் டாக்டர்” என்றாள் அக்கா. அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று.

டாக்டர் மறுபடியும் படித்தார். பசுவும் கன்றும் பிழைத்த நாள் என்பதாலோ என்னவோ, அவர் உதடு லேசாகக் கோணியது. “இதுல கோழின்னு எங்கேயும் போடலையே” என்றார் மெதுவாக. “பார்த்ததை எழுதணும்னுதான் இருக்கு. பார்த்ததை எழுதறேன்.”

எழுந்து, கொடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். “இனம்: திரைச்சீலை. எண்ணிக்கை: நாற்பது. நோய்க்குறி: எதுவும் தென்படவில்லை. தண்ணீர் வசதி: திருப்திகரம். இடவசதி: ஒன்றையொன்று நெருக்கவில்லை. இறப்பு?”

“இன்னைக்கு ரெண்டு டாக்டர். துவைக்கலை, தனியா வச்சிருக்கேன்.”

“நாற்பத்தி ரெண்டுக்கு ரெண்டு. அஞ்சு சதவீதம், கிட்டத்தட்ட.” எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. “அடையாள எண். காதுல ஒரு வில்லை மாட்டி நம்பர் போடுவாங்களே, அது. இது இல்லாம வாங்க மாட்டாங்க.”

இருவரும் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். திரைகளுக்கு ஏது காது? பெரியவர் மூலையில் பேசாமல் நின்றிருந்தார். டாக்டரின் பார்வை அவர் நெற்றியில் போய் நின்றது.

“அது என்ன நம்பர்?”

“அது... இவரோடது, டாக்டர்.”

720 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மணி இரண்டு இருபது.

வங்கி நகரின் அந்தக் கோடியில். அக்கா தெருவுக்கு ஓடிவந்தபோது கணவரின் வேன் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது. உள்ளே பதினோரு பிள்ளைகள், வீடு திரும்புகிற நேரம். கையைக் காட்டி நிறுத்திச் சான்றிதழை நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், முன்னால் இருந்த தன் தடத்தைப் பார்த்தார். பதினெட்டு வருஷமாக அவர் அந்த இடத்தில் இடதுபக்கம்தான் திரும்பியிருக்கிறார். அன்றைக்கு வலதுபக்கம் திரும்பினார். பிள்ளைகள் கைதட்டி ஊளையிட்ட சத்தம் இரண்டு தெரு தாண்டிக் கேட்டது. பிற்பாடு பள்ளிக்கூடத்தில் அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அதைக் கண்ணாடி போட்டு மாட்டலாமா என்று கேட்டு அக்கா அவரை இன்றைக்கும் சீண்டுகிறாள்.

கூடத்தில் மணி இரண்டே முக்கால் ஆயிற்று. இரும்புக்காரர் டீக் கிளாசை வைத்துவிட்டு எழுந்தார். இரண்டு ஐம்பது. அவருடைய ஆட்கள் பெரியவரின் கால்களுக்கடியில் மரச்சட்டம் கொடுத்தார்கள். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெரியவரின் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு ஐம்பத்தெட்டுக்கு, ஓட்டல் கணக்கர் போனைக் கையில் பிடித்தபடி மாடிப்படியில் இறங்கி வந்தார்.

“பணம் வந்துடுச்சும்மா” என்றார். அவரே எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

அக்கா கீழே உட்கார்ந்துவிட்டாள். இரும்புக்காரர் தலையைச் சொறிந்தார். “நல்லது தங்கச்சி. ஆனா லாரி வந்தது வந்துடுச்சு. வாடகை யாராவது தரணும்ல?”

ஆக, பெரியவரை உடைக்க வந்த லாரிதான் அவரைத் தெருக்கோடிக் கொட்டகைக்குக் கொண்டுபோய் இறக்கியது. இறக்கிய பிறகு இரும்புக்காரர் மரியாதையாகத் தோள்துண்டால் அந்த எண்ணைத் துடைக்கப் போனார்.

“வேண்டாம்ணே! அது பேங்க்ல எழுதியாச்சு” என்று அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

எழுதியது எழுதியதுதான். கால்நடைப் பிரிவில் விழுந்த கணக்கைத் திருப்பிப் போட மேலாளர் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார், நடக்கவில்லை. கடன் தீர ஆன நாலு வருஷமும் வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர் வந்தார். திரைகளைத் தொட்டுப் பார்த்தார், நோய்க்குறி இல்லை என்று எழுதினார், நெற்றியில் எண் இருக்கிறதா என்று சரிபார்த்தார். கொட்டகையின் ஆவியில் சுண்ணம் மங்கும்போதெல்லாம் அக்காவே முக்காலியில் ஏறி அதன்மேல் புதுசாக எழுதினாள். இறப்புக் கட்டத்தில் ஒவ்வொரு வருஷமும் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: வரும்போதே இறந்திருந்தன, துவைக்கவில்லை. அவள் துவைக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிய வீடுகள்தான் புதுத் திரை வாங்கியதும் முதலில் அவளைக் கூப்பிட்டன. வங்கி மேலாளரின் புதுத் திரை வெளிர்நீலம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அவள்தான் துவைக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவர் பயந்துகொண்டே, “உயிர் இருக்காம்மா?” என்று கேட்கிறார்.

போன மாசம் கடைசித் தவணையும் கட்டி முடிந்தது. அன்றைக்குக் கணவர் தெருவில் இருந்த எல்லாருக்கும் வாழைப்பழம் கொடுத்தார். டாக்டரும் வந்திருந்தார். இனிமேல் அவர் வரவேண்டிய வேலை இல்லை. வந்ததற்குக் காரணம், கையில் தன் வீட்டுத் திரைகளை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

“கணக்கு முடிஞ்சுதே, இனிமே அந்த நம்பரைத் துடைச்சிடலாம்ல?” என்றார் பெரியவரைக் காட்டி.

அக்கா ஈரத்துணியை எடுத்துக்கொண்டு முக்காலியில் ஏறினாள். அழுக்கு என்று ஒன்று கண்ணில் பட்டால் சும்மா இருக்கிற கை இல்லை அது. பெரியவரை நெற்றியிலிருந்து நாலு கால்வரை பளபளவென்று துடைத்தாள். அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு, அதைச் சுற்றித் துடைத்தாள். பிறகு கீழே இறங்கி, டாக்டர் வீட்டுத் திரைகளை ஒவ்வொன்றாக நிமிண்டிப் பார்த்து, ஒன்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றதையெல்லாம் உள்ளே போட்டாள். கதவைச் சாத்தி முழங்காலால் ஒரு தட்டு தட்டினாள். பெரியவர் சுற்ற ஆரம்பித்தார்.